அடுத்தவர் வாசலில் எப்படி நிற்பது? நாகைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீடு நாகப்பட்டினத்தில். வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் நாகூர் தர்கா. மேற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் சிக்கல் சிங்காரவேலர். தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் வேளாங்கண்ணி மாதா. வெளியூர் உறவுக்காரர்கள் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று வேன் பிடித்து வருவார்கள். காலையில் காபி டம்ளரைக் கையில் கொடுக்கும்போதே கேள்விகள் ஆரம்பித்துவிடும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வேலை மிச்சம்.

தர்காவுக்குப் போகிறோம். நாங்கள் இந்துக்கள். உள்ளே விடுவார்களா?

தாராளமாக. வியாழக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள், குங்குமப் பொட்டும் புர்காவும் ஒரே வரிசையில் நின்றுகொண்டிருக்கும். அங்கே அடக்கமாகியிருக்கும் ஷாகுல் ஹமீது, ஊரார் வாயில் நாகூர் ஆண்டவர், 16ஆம் நூற்றாண்டில் வடக்கே மாணிக்கப்பூரிலிருந்து வந்த சூஃபி ஞானி. தஞ்சாவூர் நாயக்கருக்கு யாரோ வைத்த சூனியத்தை, ஊசி குத்திய ஒரு புறாவைக் கண்டுபிடித்து எடுத்துத் தீர்த்தார், அந்த நன்றிக்கு மன்னர் நிலம் கொடுத்தார் என்பது ஊரில் வழங்கும் கதை. தர்காவில் இன்றைக்கும் புறாக்கள் நிறைய. மினாராக்கள் ஐந்து. ஆக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பிள்ளை வரம் கேட்டு, பிறந்ததும் கட்டினார் என்பார்கள். இந்து மன்னர் கட்டிய மினாரா நிற்கிற இடத்தில் ‘நாங்கள் இந்துக்கள், விடுவார்களா’ என்று கேட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான் வரும்.

செருப்பை வெளியே விடுங்கள். ஆண்கள் தலையில் ஒரு கைக்குட்டையாவது கட்டிக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு முந்தானை போதும். சர்க்கரையும் பூவும் வாங்கிக்கொண்டு போனால் பாத்திஹா ஓதித் தருவார்கள். நீங்கள் கைகூப்பிக் கும்பிட்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள், உங்களுக்குத் தெரிந்த மரியாதை அது என்று அவர்களுக்குத் தெரியும். வாசல் கடைகளில் கை, கால், வீடு, படகு என்று சின்னச் சின்னத் தகடுகள் விற்கும். எது குணமாக வேண்டுமோ, எது வாங்க வேண்டுமோ அந்தத் தகட்டை வாங்கிக் காணிக்கை செலுத்துவார்கள். இதே தகடு நம் மாரியம்மன் கோயில் வாசலிலும் கிடைக்கும் என்பதை நீங்களே கவனிப்பீர்கள்.

என்னோடு வேலை பார்க்கும் முஸ்லிம் நண்பரை ‘வாங்க, நாகூர் போகலாம்’ என்று கூப்பிட்டேன். அவர் முகமே மாறிவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

தப்பு ஒன்றுமில்லை, ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எல்லா முஸ்லிம்களும் தர்காவுக்குப் போவதில்லை. இறந்தவரிடம் வேண்டுவது ஓரிறைக் கொள்கைக்கு விரோதம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் கணிசமாக இருக்கிறார்கள். தவ்ஹீத் இயக்கம் வளர்ந்தபிறகு ஒரே வீட்டில் அத்தா தர்காவில் நடக்கும் கந்தூரி விழாவுக்குப் போவார், மகன் போக மாட்டார் என்கிற நிலைமை பல ஊர்களில் உண்டு. கிறிஸ்தவர்களிலும் இதே கதைதான். வேளாங்கண்ணித் தேர் பார்க்கப் பெந்தெகொஸ்தே நண்பரைக் கூப்பிட்டுப் பாருங்கள்!

இங்கேதான் நாம் சறுக்குவோம். தர்காவுக்கு வருகிற முஸ்லிம் ‘நல்லவர்’, வராதவர் ‘தீவிரமானவர்’ என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். அது அநியாயம். நம் வழிபாட்டைப் போல் இருப்பதால் நமக்குத் தர்கா பிடிக்கிறது, அவ்வளவுதான். நமக்குப் பழக்கமான மாதிரி அவர் கும்பிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் மரியாதை எங்கே இருக்கிறது? அவரோடு டீக்கடைக்குப் போங்கள், தர்காவுக்கு நீங்கள் தனியாகப் போய்க்கொள்ளலாம்.

வேளாங்கண்ணியில் பூசை நடக்கும்போது வரிசையில் போய் அந்த அப்பத்தை வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். அடிக்கடி கேட்கப்படுவதும், அடிக்கடி தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். பிரசாதம் என்று நினைத்து நம்மவர்கள் கையை நீட்டிவிடுகிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு அது இயேசுவின் உடல். திருமுழுக்கு பெற்று, முதல் நற்கருணை வாங்கி, தயாரிப்போடு வருகிற கத்தோலிக்கர்தான் அதை வாங்கலாம். ஒரு தடவை என் சித்தப்பா மகன் வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான், வீட்டில் அம்மாவுக்குக் கொடுக்கலாம் என்று. நல்லெண்ணம்தான். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் பதறிப்போனார். விஷயம் புரிந்ததும் இவனுக்கும் உடம்பு கூசிவிட்டது. குருவானவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அவர் திட்டவில்லை.

மற்றபடி மெழுகுவர்த்தி ஏற்றலாம், மாதாவுக்குப் புடவை சாத்தக் கொடுக்கலாம், மொட்டை போடலாம், மணலில் முட்டி போட்டுப் போகலாம். ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குக் காவி உடுத்திச் சென்னையிலிருந்து நடந்தே வருகிறவர்கள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் பழநி பாதயாத்திரை என்றே நினைப்பீர்கள். அந்தப் புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கதை, மோர் விற்ற கால் ஊனமான பையன் கதை எல்லாம் அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள், நான் சொல்லத் தேவையில்லை.

கிறிஸ்தவ நண்பர் எங்களோடு சிக்கல் கோயிலுக்கு வரலாமா?

இந்த ஒரு கேள்விக்குத்தான் என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடிவதில்லை. பல கோயில்களில் ‘இந்துக்கள் அல்லாதார் கொடிமரத்துக்கு அப்பால் செல்லக்கூடாது’ என்று பலகை இருக்கும். 2024 ஜனவரியில் பழநி கோயில் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பலகையை வைக்கச் சொன்னது. அந்தத் தெய்வத்தின் மேல் நம்பிக்கை உள்ள வேற்று மதத்தவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் சொன்னது. ஆகம விதி, சுற்றுலாத் தலம் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று காரணங்கள் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நாம் மற்ற இரண்டு இடத்துக்குள்ளும் கடைசிவரை போய்விட்டு, மூன்றாவது இடத்தில் நண்பரைக் கொடிமரத்தடியில் நிறுத்திவிட்டுப் போவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் செய்வது இது: முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பலகை இருந்தால் நானும் வெளிப் பிரகாரத்தோடு நின்றுகொள்வேன். வாசலுக்கு வந்தபிறகு தெரிய வருவதுதான் அவமானம்.

தீபாவளிப் பலகாரம் கொடுத்தால் பக்கத்து வீட்டு பாய் குடும்பம் வாங்கத் தயங்குகிறார்கள். எங்கள் கை படக்கூடாதா?

கை இல்லை பிரச்சினை, படையல்தான். அல்லாஹ் அல்லாத பெயரில் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்பது அவர்கள் மார்க்கத்து விதி. கிறிஸ்தவர்களில் சில சபையினரும் விக்கிரகத்துக்குப் படைத்தது என்றால் தொட மாட்டார்கள். நீங்கள் சாமிக்கு வைத்து எடுத்தீர்களா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம்.

என் மாமியார் இதற்கு வழி வைத்திருந்தார். அதிரசம் சுட்டு எடுக்கும்போதே முதல் ஈடு ஒரு தூக்குவாளிக்குள் போய்விடும். பூசை அறைப் பக்கம் அந்த வாளி போகவே போகாது. கொடுக்கும்போது வாசலிலேயே சொல்லிவிடுவார்: “படைக்கலம்மா, தனியா எடுத்து வச்சது.” அந்த ஒரு வார்த்தை போதும், வாளி காலியாகித் திரும்பி வரும். காலியாக என்றா சொன்னேன்? வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது எல்லா மதத்துக்கும் பொது. உள்ளே கொஞ்சம் சர்க்கரையாவது இருக்கும். பக்ரீதுக்கு அந்த வீட்டிலிருந்து பிரியாணி வராது. நாங்கள் சைவம் என்று தெரியும் என்பதால் பாயசத்துக்கு உண்டான முந்திரி, திராட்சை, சேமியா பாக்கெட்டாக வந்துவிடும். அவர்கள் பாத்திரத்தில் சமைத்ததை அத்தை சாப்பிட மாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அத்தையைப் பற்றிப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது. நாகூர் ஆண்டவருக்கு வேண்டிக்கொண்டு பேரனுக்கு மொட்டை போட்ட அதே கைதான், பாய் வீட்டு அம்மாவுக்குக் காபி கொடுக்க வேறு டம்ளர் எடுக்கும். அலமாரியில் ஓரமாக அது தனியாக இருக்கும். நான் வந்து சில வருஷம் கழித்து ஒரு நாள் அதை எடுத்து மற்ற டம்ளர்களோடு கலந்து கழுவி அடுக்கிவிட்டேன். அத்தை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை. சந்நிதியில் மரியாதை, சமையலறையில் தீட்டு. இது நாம் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய கணக்கு. அங்கே குறுக்கே நிற்பது பெரும்பாலும் மதம்கூட இல்லை, சாதிப் பழக்கம்.

அப்படியானால் அவர்கள் வேண்டாம் என்றால் நான் வருத்தப்படக் கூடாதா?

வருத்தப்படலாம், வற்புறுத்தக் கூடாது. ‘ஒரு வாய்தானே, சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது’ என்று ஊட்டிவிடப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல் மறுக்கிறவரும் ‘இது ஹராம்’ ‘இது பேய்க்குப் படைத்தது’ என்று நம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. “வீட்டில் சாப்பிடுவதில்லைங்க, தப்பா நினைக்காதீங்க” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நோன்பு வைத்திருப்பவர் முன்னால் சாப்பிடலாமா? நோன்புக் கஞ்சி எங்களுக்குக் கொடுப்பார்களா?

சாப்பிடலாம், பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் பக்கத்து மேசையில் பிரியாணி டப்பாவைத் திறந்துவைத்து ‘தண்ணிகூடவா குடிக்க மாட்டீங்க?’ என்று முப்பது நாளும் கேட்பதை நிறுத்தலாம். ஆமாம், தண்ணீரும் கிடையாது, விடிவதற்கு முன்னாலிருந்து சூரியன் மறையும்வரை. கஞ்சி கேட்டால் தூக்கில் ஊற்றிக் கொடுப்பார்கள். பல பள்ளிவாசல்களில் கறி போட்டுக் காய்ச்சுவார்கள், சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எல்லாப் பண்டிகைக்கும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பிவிடுகிறேன். அது போதும்தானே?

எந்தப் பண்டிகைக்கு என்று பார்த்து அனுப்புங்கள். ‘புனித வெள்ளி நல்வாழ்த்துகள்’ என்று ரோஜாப்பூப் படத்தோடு வருஷாவருஷம் வருகிறது. அது இயேசு சிலுவையில் இறந்த நாள், துக்க நாள். சாவு வீட்டில் போய் வாழ்த்துச் சொல்வது மாதிரி. வாழ்த்துச் சொல்ல இரண்டு நாள் பொறுங்கள், ஈஸ்டர் வந்துவிடும். முஹர்ரமும் அப்படித்தான். ஷியா முஸ்லிம்கள் கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைத்து அழும் நாள்கள் அவை, சுன்னிகள் பலர் ஆஷுரா நோன்பு வைப்பார்கள். காலண்டரில் சிவப்பு மை என்றாலே கொண்டாட்டம் என்று அர்த்தமில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தஞ்சாவூர்ப் பக்கம் காசவளநாடு புதூரில் இந்துக்களே முஹர்ரத்தை ‘அல்லா பண்டிகை’ என்று எடுத்துத் தீ மிதிக்கிறார்கள். அவர்களுக்கு வாழ்த்து அனுப்பலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எல்லா மதமும் கடைசியில் ஒன்றைத்தானே சொல்கிறது? அதை ஒப்புக்கொண்டால் சண்டையே இருக்காதே?

மேடையில் கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சிலைக்குள் தெய்வம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். சிலையை வணங்குவதே பெரிய பாவம் என்று பக்கத்து வீட்டு அம்மா நம்புகிறார். எனக்கு மறுபிறவி உண்டு, அவருக்கு மறுமை. இரண்டும் ஒன்று என்று சொன்னால் இரண்டு பேரையுமே காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். அதைவிட அந்தப் பேச்சுக்குள் ஒரு சாமர்த்தியம் ஒளிந்திருக்கிறது: ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்லிவிட்டு, ‘அதனால் நீ இதைச் சாப்பிடு, இங்கே கும்பிடு, இதற்குக் கோபப்படாதே’ என்று அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

நான் நம்புவது தப்பு என்று அந்த அம்மா மனதார நினைக்கிறார், எனக்குத் தெரியும். எனக்கு ஜுரம் என்றால் முதலில் கதவைத் தட்டுவதும் அவர்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு இருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

நாகை எப்போதும் இப்படி ஒற்றுமையாகவே இருந்த ஊர்தானா?

இல்லை. சுற்றுலாக் கையேட்டில் அப்படித்தான் இருக்கும். ஊரின் நல்ல கதை முதலில்: 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர் இங்கே சூடாமணி விஹாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய அதே ராஜராஜன், அசல் சிவபக்தன், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அந்த விஹாரத்துக்கு எழுதி வைத்தான். அந்தச் செப்பேடுகள் 21 ஏடுகள் கொண்டவை. நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடுகள் என்றே பெயராகிவிட்டது.

இனி மற்ற கதைகள். நாகை விஹாரத்துத் தங்கப் புத்தரைத் திருமங்கையாழ்வார் எடுத்துப் போய்த்தான் திருவரங்கத்து மதில் வேலை நடந்தது என்று வைணவ மரபிலேயே பெருமையாகச் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, பெருமையாகச் சொல்லும்படி இருந்திருக்கிறது, அதுதான் கவனிக்க வேண்டியது. பிறகு 1867இல், பாழடைந்து நின்ற புதுவெளிக் கோபுரத்தைப் பிரிட்டிஷ் அரசிடம் அனுமதி வாங்கி யேசு சபையினர் இடித்துவிட்டார்கள். பௌத்தர்கள் விட்டுப்போன கடைசிக் கோபுரம் அது. தடுத்துக் கேட்க ஊரில் ஒரு பௌத்தரும் மிச்சமில்லை. மண்ணுக்கடியில் கிடைத்த நாகைப் புத்தர்களை இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். இந்த ஊரில் எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் புத்தர்கள் ஞாபகம் வரும்.

பக்கத்து வழிபாட்டுத் தலத்தின் ஒலிபெருக்கி தாங்க முடியவில்லை. சொன்னால் மதப் பிரச்சினை ஆகிவிடுமோ?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் எல்லா மதத்துக்கும் ஒன்றுதான். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு நள்ளிரவுவரை நீட்டித்துத் தர அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. ஆனால் விதியைக் காட்டும் முன் ஒன்று செய்யுங்கள்: முதலில் உங்கள் மதத்து ஒலிபெருக்கியிடம் போங்கள். என் பெண் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது தெருமுனைக் கோயிலில் ஆடி மாதம் முழுக்க விடிகாலை நாலரைக்குக் குழாய் அலறும். நான் போய்க் கேட்டதற்கு “உங்களுக்கு பக்தி இல்லையா?” என்றார் நிர்வாகி. பக்தி இருக்கிறது, யூனிட் டெஸ்டும் இருக்கிறது என்றேன். குழாயை அடுத்த தெருப் பக்கம் திருப்பிவைத்தார்கள். அந்தத் தெருக்காரர் வந்து சண்டை போட்ட பிறகுதான் சத்தம் குறைந்தது. அதன் பிறகு வேறு ஒரு ஜெபக்கூட்டத்துச் சத்தம் பற்றிப் பேசப் போனபோது, “கோயிலிலேயே சொன்னவங்க” என்று உட்காரவைத்துக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மதம் மாறச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

விருப்பமில்லை என்றால் ‘வேண்டாங்க’ என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள். தன் மதத்தைப் பரப்பும் உரிமை அரசமைப்பின் 25ஆவது பிரிவில் இருக்கிறது. கேட்காமல் இருக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வெயிலில் வந்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தால் மதம் மாறிவிட மாட்டோம்.

சாமியே இல்லை என்கிறவரையும் மதிக்க வேண்டுமா?

பெரியார் பிறந்த நாட்டில் இது கேள்வியா? அவர் குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அடிகளார் தரப்பில் திருநீறு பூச, துடைக்காமல் ஏற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். நம்பாதவர் அந்த அளவுக்கு வரும்போது, நம்புகிறவர்கள் நாத்திகக் கொழுந்தனாரைக் கற்பூரத் தட்டில் கை வை என்று துரத்தாமல் இருக்கலாம்.

இதெல்லாம் அமைதியான நாளுக்குச் சரி. ஒரு ஆபத்து வந்தால் நிற்குமா?

2004 டிசம்பர் 26 காலை இங்கே கடல் உள்ளே வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள். வேளாங்கண்ணிக்கு கிறிஸ்துமஸ் முடித்து வந்திருந்த யாத்ரீகர்களில் பலர் யாரென்றே தெரியாமல் புதைக்கப்பட்டார்கள், எந்த மதத்துச் சடங்கு செய்வது என்றே தெரியாமல். வடக்கே பரங்கிப்பேட்டையில் கடற்கரையிலிருந்து ஓடிவந்த மீனவர்களுக்கு ஜமாத்தார்தான் பல நாள் சமைத்துப் போட்டார்கள். அவசரத்தில் யோசித்து வருவதில்லை அது. கல்யாணத்துக்குத் தேக்சா என்ற பெரிய சமையல் பாத்திரம் வாடகைக்கு எடுக்கவும், மீன் வாங்கவும் விற்கவும் ஏற்கெனவே பழகிய முகங்கள். பழக்கமே இல்லாத ஊரில் அதே நாளில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வரும் முஸ்லிம் நண்பர் தொழ வேண்டும் என்றால் என்ன ஏற்பாடு செய்வது?

சுத்தமான தரை, கைகால் முகம் கழுவத் தண்ணீர், மேற்குத் திசை எது என்று காட்ட ஒரு ஆள். எதிரே சாமி படமோ ஆள் படமோ இல்லாத சுவராக இருந்தால் நல்லது. பத்து நிமிஷம்கூட ஆகாது. குறுக்கே நடக்காதீர்கள், டிவியைக் குறையுங்கள். அவ்வளவுதான்.

மகள் முதன்முதலாகக் கல்லூரித் தோழியை வீட்டுக்கு அழைத்து வந்தபோது அந்தப் பெண் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். கூடத்தில் மேற்குச் சுவரில் தினசரி காலண்டர், அதில் வள்ளி தெய்வானையோடு முருகன். நான் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அத்தை எழுந்து போனார். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூசை அறையில் வைத்துவிட்டு, “பாய் விரிக்கட்டுமா?” என்றார். அந்தப் பெண் போனபிறகு காலண்டர் பழைய ஆணிக்குத் திரும்பவில்லை, எதிர்ச் சுவரில் புது ஆணி அடிக்கச் சொல்லிவிட்டார். “அது அடிக்கடி வரும்ல,” என்றார்.